மணிக்காரர் மேசைக்கு வந்த கிறிஸ்துமஸ்

அப்பாவின் வீட்டுக்கு வந்தால் அக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டாள். நாற்காலியில் உட்காரும்போதும் அது தோளில்தான் இருக்கும். பாத்திரம் கழுவும்போது முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வாள். அது சரிந்து முன்னால் வரும். ஈரக் கையின் முழங்கையால் மறுபடி தள்ளுவாள்.

"உள்ள என்ன தங்கக்கட்டியா வெச்சிருக்கே? எவனாவது அடிச்சிட்டுப் போயிடுவான்னு பயமா?" என்று அண்ணன் கேட்பான். அவள் சிரிப்பாள், இறக்கமாட்டாள். பல வருடம் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பையை இறக்கி வைத்தால் தங்க வந்ததுபோல் ஆகிவிடும். அவள் அந்த வீட்டுக்கு வந்துபோகிறவள்.

அவள் வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். காலை ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மதியம் எங்களோடு சாப்பிடுவாள். கேக் வெட்டியதும் தன் துண்டில் பாதியைத் தின்றுவிட்டு, மீதிப் பாதியைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைப்பாள். அம்மா அதைப் பார்க்காததுபோலப் பார்ப்பாள். ஒரு வருடம் மட்டும், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பையில உதிர்ந்து போயிடும். ஒரு டப்பா எடுத்துட்டுப் போ" என்றாள். அந்த மனிதரைப் பற்றி அம்மா தன் வாழ்நாளில் பேசியது அவ்வளவுதான். டப்பா கொடுத்தாளே தவிர, இன்னொரு துண்டு கொடுக்கவில்லை.

பாதிக் கேக் மணிக்காரருக்கு.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். துவைத்துப் பிழிந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுவது அவள் வேலை. விரிப்பின் ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை இன்னொரு பெண் பிடிக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்து விறைப்பாக்கி ஓரத்தை உள்ளே கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டுகொள்ளும். எடுக்கப் போனால் கை சுடும். அக்காவின் முன்கை உட்புறத்தில் கோடு போட்டதுபோலச் சூட்டுத் தழும்புகள்.

ஒரு நாள் உருளை நின்றுபோனது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியனுக்கு அது வேலையே இல்லை. வார்டுகளில் நோயாளியின் கட்டிலோரம் இருக்கும் அழைப்பு மணிகள்தான் அவர் பொறுப்பு. அதனால் நர்சுகள் அவரை மணிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். உருளையைப் பார்க்க வந்தவர் அக்காவின் கையைப் பார்த்தார். மறுநாள் ஒரு களிம்பு டப்பாவோடு வந்தார்.

"மெஷினை வேணும்னே அரைகுறையா விட்டுட்டுப் போனாரு, மறுநாள் வர்றதுக்கு" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். சிரிக்கும்போது அவள் வாயைப் பொத்திக்கொள்வாள்.

அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி ஒரு வருடம்கூட இருக்காமல் தன் தாயோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். திரும்பியும் வரவில்லை, விவாகரத்துக்குக் கையெழுத்தும் போடவில்லை. வழக்கு நடந்தது என்பதைவிடக் கிடந்தது என்று சொல்லலாம். அக்கா இரண்டு வருடம் காத்துப் பார்த்தாள். பிறகு தன் துணிகளை இரண்டு பைகளில் கட்டிக்கொண்டு அவருடைய ஒற்றை அறைக்குப் போய்விட்டாள். சபைக் குழுவில் இருந்த அப்பா அதிகம் கத்தவில்லை. "நீ வரலாம், போகலாம். அந்த ஆளு இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்றார். அது பதினோரு வருடம் நின்ற வார்த்தை.

அந்தப் பதினோரு கிறிஸ்துமஸும் மணிக்காரர் தானாகக் கேட்டு டூட்டி வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் மணி அதிகம் அடிக்குமாம். "ஏதாவது வேணுங்கிறதுக்காக அடிக்கிறது இல்ல. யாராவது வர்றாங்களான்னு பாக்க அடிப்பாங்க" என்று அக்காவிடம் சொல்வாராம்.

அதற்கு அடுத்த வருடம் கோடையில் அம்மா இறந்தாள். அடுத்த மாதமே அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. கைப்பிடிச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு பகலில் நாலடி நடப்பார். ராத்திரி ஒருவர் தூக்கிவிடாமல் எழ முடியாது. பார்த்துக்கொள்ள வந்த பெண்மணி அப்பாவின் ஏச்சு தாங்காமல் ஒரு மாதத்தில் ஓடிவிட்டாள். பிறகு நானும் அண்ணியும் மாறி மாறிப் போய்வந்தோம். அண்ணன் இருப்பது வேறு ஊர். என் வீடு இரண்டு அறை. அதில் என் மாமியார் படுத்த படுக்கை. அப்பாவை உன்னோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று அண்ணன் கேட்டபோது நான் அதைச் சொன்னேன். "உன்னைச் சொல்லலம்மா" என்று விட்டுவிட்டான்.

டிசம்பர் தொடக்கத்தில் அண்ணன் போன் செய்தது அக்காவுக்கு அல்ல, மணிக்காரருக்கு. அதுவரை அவர் குரலைக்கூடக் கேட்டிராதவன், எடுத்த எடுப்பில் "மாப்ளே, நல்லா இருக்கீங்களா?" என்றானாம். அப்பாவின் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்த வேண்டும், ஆஸ்பத்திரியில் இருப்பதுபோலக் கட்டிலோரம் ஒரு மணி வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்தாயிற்று, கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்துவிடுவார்கள், இந்தத் தடவை கிறிஸ்துமஸுக்கு நீங்களும் வந்துவிடுங்கள். இவ்வளவும் ஒரே மூச்சில்.

போனை வைத்துவிட்டு மணிக்காரர் அக்காவிடம் கேட்டது ஒன்றுதான். "உங்கண்ணன் என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்டார், கவனிச்சியா?"

"எனக்கு எப்படிக் கேக்கும்? போன் உங்க காதுலதானே இருந்துச்சு."

"மாப்ளேன்னார். ரெண்டு தடவை."

அந்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வந்து வேலை செய்தார். அப்பாவுக்குச் சமைக்க நான் போயிருந்தேன். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் கொஞ்ச நேரம் நின்றார். "வாங்க அத்தான்" என்றேன். முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டேன். கருவிப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

அப்பா கட்டிலில் படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்காரர் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். "இப்ப தூக்கத்துல இருக்கீங்க, எழுந்திருக்கணும். கையை நீட்டுங்க. யோசிக்காம நீட்டுங்க." அப்பாவின் கை போய் விழுந்த இடத்தில் பென்சிலால் குறி வைத்தார். "பெரியவரே, அரைத்தூக்கத்துல கை எங்க போகுதோ அங்கதான் சுவிட்சு இருக்கணும். தேட வெச்சா அது மணி இல்ல."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒயரைச் சுவரின் அடியோரமாகவே கொண்டுபோய், கூடத்தைத் தாண்டி, பின்பக்கத்துச் சின்ன அறையில் முடித்தார். ஒரு கிளிப்புக்கும் இன்னொரு கிளிப்புக்கும் இடைவெளி அளந்து வைத்ததுபோல இருந்தது. மணிச் சத்தத்தை மூன்று தடவை மாற்றினார். "திடுக்குனு எழுப்பக் கூடாது. வர்ற பொண்ணும் மனுஷிதானே, பாவம். ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து படுக்கணும்." குளியலறையில் அப்பாவுக்கு ஒரு கம்பியும், தூக்கிவிடுகிறவர் பிடித்துக்கொள்ள இன்னொரு கம்பியும் பொருத்தினார். இரண்டாவதற்குக் குறி வைக்கும்போது என்னிடம் கேட்டார்.

"வர்றவங்க என்ன உயரம் இருப்பாங்கம்மா?"

"தெரியலையே அத்தான்."

"சரி, உங்கக்கா உயரம்னு வெச்சுக்குவோம். அதுதான் பொது உயரம்."

கிறிஸ்துமஸ் அன்று இருவரும் ஆராதனை முடிந்து நேராக வந்தார்கள். மணிக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். கடைப் பெட்டியில் இருந்த மடிப்பு மார்பில் அப்படியே தெரிந்தது. "ஆஸ்பத்திரிக்கே இஸ்திரி போடுறா, என் சட்டையை மட்டும் கண்டுக்க மாட்டேங்குறா" என்றார். "புதுசுன்னு எல்லாருக்கும் தெரிய வேணாமா? மடிப்பு இருந்தாத்தான் நம்புவாங்க" என்றாள் அக்கா. வீட்டுக்குள் வந்ததும் கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் தன் கைப்பையை மாட்டினாள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மேசையில் அம்மாவின் நாற்காலியை எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் மணிக்காரருக்கு நாற்காலி போட்டிருந்தது. அப்பா மேசையின் தலைப்பக்கத்தில். ஜெபம் முடிந்ததும் அண்ணி கோழித் தட்டைத் தூக்கிக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு முதல்ல" என்றாள். அவர் தட்டில் தொடையும் விழுந்தது, மார்பும் விழுந்தது. அவர் முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு சாப்பிட்டார், யாருடைய இடத்தையோ இடித்துவிடக் கூடாது என்பதுபோல.

கேக் வெட்டி ஒரு முழுத் துண்டை அவர் முன்னால் வைத்தார்கள். அதைப் பார்த்தபடி, "பதினோரு வருஷமா பாதித் துண்டு தின்னே பழகிட்டேன். முழுசு தொண்டையில எறங்குமான்னு தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அக்கா வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.

நான் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அண்ணி பின்னாலேயே வந்து காதோரம் சொன்னாள். "நல்லபடியா பேசி முடிக்கணும். நீயும் கூட நின்னு ரெண்டு வார்த்தை சொல்லு."

"எதைப் பத்தி அண்ணி?"

"உங்கண்ணன் உன்கிட்ட சொல்லலையா?"

அதற்குள் கூடத்தில் அண்ணன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"மாப்ளே, சின்ன ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு. மெத்தை நாளைக்கு வந்துடும். ஜனவரி பொறந்ததும் இவ இங்க வந்துடலாம்."

"யாரு?" என்றார் மணிக்காரர். கரண்டி கையில் இருந்தது.

"தங்கச்சிதான்."

"ஆள் ஏற்பாடு பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே."

"பெத்த பொண்ணு இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு? அப்பா குணம்தான் தெரியுமே, யாரு நிப்பாங்க? நீங்களே பாத்துப் பாத்து எல்லாம் மாட்டிக் கொடுத்திருக்கீங்க. அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

மணிக்காரர் திரும்பி, சுவரடியில் ஓடிய ஒயரை அப்பாவின் அறை வாசலிலிருந்து சின்ன அறைக் கதவு வரை பார்த்தார். யாரோ செய்த வேலையைக் குற்றம் பார்ப்பதுபோலப் பார்த்தார். கரண்டியைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"அவளுக்கு வேலை இருக்கேண்ணா" என்றேன் சமையலறை வாசலில் நின்றபடி.

"லாண்டரி வேலைதானே."

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும்தான் வேலை இருக்கு. எனக்குப் பிள்ளைங்க படிப்பு. இவளுக்கு மாமியார் கெடையில கெடக்காங்க. யோசிச்சுப் பாரு, குடும்பம்னு ஒண்ணும் இல்லாம இருக்கிறது நீ மட்டும்தானே."

அண்ணன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. தண்ணீர் ஜாடியை எடுத்து மணிக்காரரின் டம்ளரை நிரப்பிக்கொண்டே, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.

அக்கா அந்த டம்ளரைப் பார்த்தாள். "அப்ப இவரு யாரு?"

அண்ணன் ஜாடியை மேசையில் வைத்தான்.

"என்கூட ஒரே வீட்டுல படுத்து எழுந்திருக்காரே, இவரு யாருண்ணா? இப்பத்தானே வாய் நிறைய மாப்ளேன்னே?"

"அது ஒரு மரியாதைக்குச் சொல்றதும்மா."

மணிக்காரர் தொண்டையைச் செருமினார். "சரி. அப்ப நாங்க ரெண்டு பேருமே வந்துடறோம். ராத்திரியில நான் எழுந்துக்கறேன். எனக்குப் பழக்கம்தான்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் வாயைத் துடைத்தார். துணியை மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.

"தம்பி, நீங்க நல்ல மனுஷன். பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா கல்யாணம் ஆகாம, இந்த வீட்டுல, ஒரே ரூம்ல..." அவர் அம்மாவின் படம் இருந்த சுவரைப் பார்த்தார். "அவ சாகும்போதுகூட மனசு மாத்திக்கல. நான் எப்படி மாத்துவேன்? பகல்ல வந்து போங்க. யாரு வேணாம்னது?"

அக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் தூக்கவில்லை. "கெளம்புங்க" என்றாள். கொக்கியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மணிக்காரர் எல்லோரையும் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டுப் பின்னால் போனார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. அப்பாவின் நாற்காலிக்கு அடியில் தரை நனைந்துகொண்டிருந்தது. நீர் மட்டும் அல்ல. அப்பா மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பாதி தின்ற கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி மூக்கை மூடிக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டாள். நான் துணியும் வாளியும் எடுக்கப் பின்பக்கம் ஓடினேன்.

திரும்பி வந்தபோது பை வாசற்படி ஓரம் தரையில் கிடந்தது. அக்கா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவின் முன்னால் முட்டிபோட்டிருந்தாள். மணிக்காரர் பின்னால் நின்று அப்பாவின் அக்குளுக்கடியில் கை கொடுத்திருந்தார். "பெரியவரே, என் மேல சாயுங்க. வெக்கப்படாதீங்க, ஆஸ்பத்திரியில தினமும் பாக்குறதுதான்" என்றார். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரே நேரத்தில் தூக்கினார்கள், ஒரே நேரத்தில் அடியெடுத்தார்கள். விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்கள்போல இருந்தது. குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அப்பா அழுவது கேட்டது.

"பாத்தியா, ரெண்டு பேரும் எவ்வளவு நல்லா பாத்துக்கறாங்க" என்றான் அண்ணன், அடங்கிய குரலில்.

"சும்மா இருங்க" என்றாள் அண்ணி. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அப்பாவைப் படுக்க வைத்த பிறகு, கொல்லைக் குழாயடியில் அக்கா அவர் துணிகளை அலசினாள். மணிக்காரர் பக்கத்தில் நின்றார். தரை துடைத்த துணியைப் போட நான் போனபோது அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"வா, போலாம்."

"போய்?"

"போய் நம்ம ரூம்ல இருப்போம். எப்பவும்போல."

"அங்க படுத்துக்கிட்டு, இங்க இவரு என்ன ஆனாரோன்னு கெடக்கணும். எப்பவும்போலன்னு இனிமே ஏது?"

"நான் மாட்டினதுதானே. நானே கழட்டிடறேன்."

"கழட்டினா எழுந்து நடந்துடுவாரா?"

அவர் குழாயை மூடினார். சரியாக மூடியிருந்த குழாயைத்தான் மறுபடி திருகினார். "ஏமாத்திட்டாங்கன்னுகூடச் சொல்ல முடியல. அளவெடுத்தது நான். அதுவும் உன் உயரத்துக்கு."

அக்கா சட்டையைப் பிழிந்து உதறினாள். "சரியாத்தான் வெச்சிருக்கீங்க. குனிய வேண்டியதில்ல."

இருவரும் ஈரத் துணிகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கொடியில் போட்டார்கள்.

இருட்டும் முன் மணிக்காரர் தனியாகக் கிளம்பினார். அக்கா இரண்டு நாள் இருந்துவிட்டு, துணிமணி எடுத்துக்கொள்ளவும் வேலையில் சொல்லவும் போய்வருவதாக முடிவாயிற்று. யார் அதை முடிவு செய்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணி ஒரு பெரிய டப்பா நிறைய கேக் அடுக்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர், வாங்கிக்கொண்டார். நான் வாசல்வரை போய், "பாத்துப் போங்க அத்தான்" என்றேன்.

"அந்த வார்த்தையை விட்டுடும்மா" என்றார். "கூப்பிட்ட சந்தோஷத்துலதான் கண்ணு தெரியாமப் போச்சு." என் மேல் கோபமாக அவர் அதைச் சொல்லவில்லை. டப்பாவைக் கையில் ஏந்தியபடி தெருவில் நடந்தார். புதுச் சட்டையின் முதுகிலும் அந்த மடிப்பு இருந்தது.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. அக்கா வேலையை விட்டுவிட்டாள். சின்ன அறையில் படுக்கிறாள். மணிக்காரர் ஞாயிறு மதியம் வருவார், கூடத்தில் ஒரு மணி நேரம்போல உட்கார்ந்திருப்பார், அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போவார். அப்பா அவரைத் தம்பி என்று கூப்பிடுகிறார். கிறிஸ்துமஸுக்கு அவர் வருவதில்லை, பழையபடி டூட்டி வாங்கிக்கொள்கிறார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அண்ணனும் வரவில்லை, போனில் வாழ்த்துச் சொன்னான். அக்காவுக்கு ஐம்பது நெருங்குகிறது. அப்பாவுக்கு எண்பத்திரண்டு. போன மாதம் பரிசோதித்த டாக்டர், இந்த வயசில் இவ்வளவு நல்ல இதயம் அபூர்வம் என்று சொன்னார்.